மறுதரவுப் பத்தை மறைப்பவர்கள்

வீட்டை எதிர்த்து மணம் செய்துகொண்ட பெண்ணைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், இலக்கியம் கற்றோர் சிலர் சங்கப் பாடல்களின் நற்றாயையும் செவிலியையும் சாட்சிக்கு அழைத்து வருகிறார்கள். மகள் போன வழியை நோக்கி அழுத அத்தாய்மாரைக் காட்டி, பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்கள். இத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம். பாதி ஏட்டைப் படித்துவிட்டு எழுதிய தீர்ப்பு இது.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலையின் இறுதி 30 பாடல்களை வரிசையாகப் படித்தாலே போதும். 371 முதல் 380 வரை, மகளைப் பிரிந்த தாய் இரங்குகிறாள். 381 முதல் 390 வரை இடைச்சுரத்து நிகழ்வுகள். அங்கே மகளும் பேசுகிறாள். வழிப்போக்கரிடம் தாய்க்குச் செய்தி சொல்லி அனுப்புகிறாள். தன் அழகைப் பாராட்டி மகிழ்ந்தவள் என்று தாயை நினைவுகூரும் அதே வாயால் அவளை அறமில்லாதவள் என்றும் சொல்கிறாள். ஏக்கமும் சினமும் ஒன்றாய்ப் பிணைந்த இம்மனமா கல்? 391 முதல் 400 வரை மறுதரவுப் பத்து. அதன் முதற்பாட்டில் தாய், ஊன் கலந்த சோற்றைப் பொற்கலத்தில் இடுவேன், அவர்கள் வரக் கரைவாயாக என்று காக்கையை வேண்டுகிறாள். மகளை மட்டும் அவள் கேட்கவில்லை. அவளைக் கொண்டுசென்ற காளையோடு சேர்த்தே கேட்கிறாள்.

இரங்கலை மேற்கோள் காட்டுவோர் இக்காக்கையை ஏன் மறைக்கிறார்கள்? காரணம் வெளிப்படை. இன்று அடைபட்டுக் கிடக்கும் பல கதவுகளின் தாழ்ப்பாள் சாதி. வேறு சாதியில் மணந்தவளைத் 'தலைமுழுகிவிட்டோம்' என்பதும், உயிரோடிருக்கும் மகளுக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவதும் இந்நாட்டில் நடந்தவையே. 2006-இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் விரும்பியவரை மணக்கலாம். அதனை ஏற்காத பெற்றோர் அதிகபட்சம் உறவை முறித்துக்கொள்ளலாமே தவிர, மிரட்டவோ தாக்கவோ கூடாது என்றது. அது சட்டத்தின் எல்லை. கொல்லாமல் விட்டதே பெருந்தன்மை என்று பெற்றோரைப் பாராட்டுவோர் அதனையே அறத்தின் எல்லையாகவும் ஆக்கிவிடுகிறார்கள்.

முறிந்த உறவின் விலையைக் கொடுப்பவர் யார்? தலைப்பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லாதவள். தகப்பன் இறந்த செய்தியை மூன்றாம் மனிதர் சொல்லக் கேட்டு ஓடிவந்து, கூட்டத்தின் கடைசியில் நின்று திரும்புகிறவன். பொங்கலன்று பழைய எண்ணுக்கு அழைத்து, மறுமுனை எடுக்குமுன் துண்டித்துவிடுகிறவள். இருபதும் இருபத்தைந்துமான வயதில் இவர்களுக்கு அழும் உரிமையும் இல்லை. அழுதால், 'நீயாகத் தேடிக்கொண்டது' என்ற சொல் காத்திருக்கிறது. ஆகவே, தேர்ந்த வாழ்வு சரியானதே என்று நிறுவுவதற்காக, எந்நேரமும் சிரித்த முகம் காட்ட வேண்டியிருக்கிறது. பெற்றோர் துயரத்துக்கு ஊரே தோள் கொடுக்கும். பிள்ளைகளின் துயரத்துக்கோ பெயர்கூட இல்லை. காதலனைத் தேர்ந்தவள் தாயைத் துறக்கத் தேர்ந்தவள் அல்லள். அத்துறவு அவள்மீது சுமத்தப்பட்டது.

தொன்மைப் பெருமை பேசுவோர்க்கு நாம் சொல்வது ஒன்றே. தாயின் இரங்கலை எடுத்துக்கொண்டால், அவள் வேண்டிய மறுதரவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசைதோறும் இறந்தோருக்காகக் காக்கையைக் கூவி அழைக்கும் வீடு, உயிரோடிருக்கும் பிள்ளையை ஒருமுறை அழைக்க மறுப்பது எந்த மரபு?