மின்தடை பூஜ்யம் – அவ்வளவுதானா?

"சூப்பர் கண்டக்டர் என்றால் என்ன?" இரண்டு மார்க் கேள்வி. "குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மின்தடை பூஜ்யமாகும் பொருள்" என்று எழுதினால் மார்க் விழுந்துவிடும். ஆனால் அது பாதி பதில்தான் என்பது என் கட்சி.

1911-ல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தைச் சுமார் 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது தடை காணாமல் போயிற்று. எலக்ட்ரான்கள் எதிலும் மோதாமல் ஓடுகின்றன, அவ்வளவுதான் என்று முடித்திருக்கலாம். 1933-ல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் அந்தக் கதையைக் கெடுத்தார்கள். காந்தப்புலத்தில் வைத்தபடியே உலோகத்தைக் குளிர்வித்தால், உள்ளே இருந்த புலம் வெளியே தள்ளப்படுகிறது! வெறுமனே தடையில்லாத கம்பி என்றால், உள்ளே இருந்த புலத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிரத் தள்ளாது. ஆக, இது மொத்தக் கூட்டமும் சேர்ந்து செய்கிற வேலை.

இங்கேதான் குவாண்டம் புலக் கொள்கை வருகிறது. எலக்ட்ரான்களுக்குள் ஆள் அடையாளம் கிடையாது. "நீ நம்பர் 1, நீ நம்பர் 2" என்று அட்டெண்டன்ஸ் எடுக்க முடியாது. புலக் கொள்கை அட்டெண்டன்ஸையே விட்டுவிட்டு, எந்த நிலையில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கிறது. ஒரு நிலையில் ஒன்றைக் கழி, இன்னொன்றில் ஒன்றைக் கூட்டு. அதுதான் அதன் கணக்கு. 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன என்று காட்டியது இந்தக் கணக்கில்தான். அவர்கள் எழுதிய நிலையில் ஜோடிகள் மொத்தம் எத்தனை என்பதே திட்டமாக இல்லை! அதற்குப் பதிலாக, எல்லா ஜோடிகளும் ஒரே தாளத்துக்குக் கட்டுப்படுகின்றன. புலத்தை வெளியே தள்ளுவது அந்தத் தாளம்தான். துகளை எண்ணியே பழகின கணக்கில் இதைச் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

"அதெல்லாம் துகள் ஆராய்ச்சிக்காரர்கள் சமாச்சாரம், ஒயரும் மோட்டாருமாக இருக்கிற நமக்கு எதுக்குப்பா?" என்பார்கள் சில நண்பர்கள். விஷயம் தலைகீழ். மீக்கடத்திக்குள் ஒளித்துகள் நிறை பெற்றதுபோல் நடந்துகொள்வதை 1963-ல் ஆண்டர்சன் எடுத்துக்காட்டினார். அந்த வழியில் 1964-ல் பிறந்ததுதான் ஹிக்ஸ் துகள் யோசனை. 2012-ல் செர்னில் அந்தத் துகளைப் பிடித்த இயந்திரத்தின் முக்கியக் காந்தங்கள் நயோபியம்-டைட்டானியம் மீக்கடத்தி ஒயரில் சுற்றியவை; 1.9 கெல்வினில் ஓடுபவை. ஒயர் சுற்றுவது நம்ம வேலைதானே?

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. முதலாமாண்டு இயற்பியலில் மைஸ்னர் விளைவுக்கு ஒரு பீரியட். லேபில் ஒரு செப்பு ஆக்சைடு வில்லை, ஒரு சின்னக் காந்தம், ஒரு குடுவை திரவ நைட்ரஜன். காந்தம் அந்தரத்தில் நிற்பதைக் காட்டிவிட்டு, அப்புறம் அந்த இரண்டு மார்க் கேள்வியைக் கேட்கட்டும்.