கிட்னி கொடுக்க சம்மதம்: கமிட்டி கேட்காத கேள்வி

நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் கிட்னியை புரோக்கர்கள் விலை பேசிய விவகாரம் 2025 ஜூலையில் வெளியே வந்ததே, ஞாபகம் இருக்கா? ராஜபாளையம், தேவதானம் பக்கம் இருக்கிறவங்க "அது எங்கேயோ கொங்கு நாட்டுல"ன்னு விட்டுட வேண்டாம். பக்கத்துல சத்திரப்பட்டியிலும் தறிதான் ஓடுது. வாரக்கடன் வசூலுக்கு ஆள் வராத தெரு எது, சொல்லுங்க?

"அவங்களே கையெழுத்து போட்டுத்தானே கொடுத்தாங்க, அப்புறம் என்ன குற்றம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி கொடுக்கலாம். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். மற்றவர்கள் "பாசத்தின் பேரில்" கொடுக்க அங்கீகாரக் குழு ஒப்புதல் தரணும். புரோக்கர் உள்ளே நுழைவது இந்தப் 'பாசம்' வழியாகத்தான்.

2014 விதிகள் கொடுப்பவர், பெறுபவர் இருவரின் 3 வருட வருமானத்தைப் பார்க்கச் சொல்கின்றன. சரி. கடன்? வருமானச் சான்றிதழ் எந்தத் தாலுகா ஆபீஸிலும் கிடைச்சிடும். யாரிடம் எவ்வளவு கடன், மாசத் தவணை என்ன என்று குழு கட்டாயம் கேட்கணும் என்பது என் கருத்து. ஏன்னா, சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. 96% பேர் விற்றதே கடனை அடைக்கத்தான். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேர் கடனிலேயே இருந்தார்கள், குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைஞ்சிருந்தது. கிட்னியும் போச்சு, கடனும் தீரலை.

இன்னொன்று. காசு கொடுத்தவர், வாங்கியவர், புரோக்கர் எல்லாருக்கும் ஒரே பிரிவில் 5 முதல் 10 வருடம் சிறை, அபராதம் 20 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. ஏமாந்த தறிக்காரர் எந்த தைரியத்தில் போலீஸுக்குப் போவார்? அவரை சாட்சியாகப் பாதுகாக்க சட்டம் மாறணும்.

வீட்டுக்குள்ளே நடப்பதும் லேசானதில்லை. புருஷனுக்கு, பிள்ளைக்குன்னா "நீதானே கொடுக்கணும்" என்று எல்லா கண்ணும் அந்தப் பெண் மேலதான் திரும்பும். கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேணும், அவருடைய சுயசம்மதத்தை பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்யணும் என்று விதியே இருக்கு. தனி அறையில் பேசணும்னு கேளுங்கம்மா, அது உங்க உரிமை.

கையெழுத்து போட்ட பிறகும், ஆபரேஷனுக்கு முன்னாடி எப்போ வேணாலும் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கலாம். படிவத்திலேயே அந்த வரி இருக்கு. வீட்டில் சொல்ல பயமா இருந்தா டாக்டரிடம் மட்டும் சொல்லுங்க. "இவங்க தானம் கொடுக்க ஏற்றவர் இல்லை" என்று நாங்க சொல்லிக்கிறோம்.