பாடியவர் பெயரையும் எழுதுவோம்

ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கியவர் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை என்று சரித்திரம் எழுதுகிறது. 1820களில் நடந்தது அது. சரி, குழி வெட்டியது யார்? அடிவாரத்திலிருந்து மூட்டை சுமந்து மலையேறியது யார்? அவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

உழைப்பாளி மக்களின் சரித்திரம் அவர்கள் வாய்ப்பாட்டில் இருக்கிறது என்று காட்டியவர் தோழர் நா. வானமாமலை. 1917ல் நாங்குநேரியில் பிறந்தவர். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்தார். பேராசிரியர் என்று அவரை நாடே அழைத்தது. அந்தப் பட்டத்தை வழங்கியது பல்கலைக்கழகம் அல்ல, மாணவர்களும் தோழர்களும்தான்.

1964ல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' நூலைப் பதிப்பித்தார். அந்நூலைப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! பாட்டின் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் அச்சாகியிருக்கும். விளாத்திகுளம் பக்கம் போத்தையா, நம் சேலம் ஜில்லாவில் வாழப்பாடி சந்திரன். இவர்கள் களத்து மேட்டிலும் வயல் வரப்பிலும் நின்று கேட்டு எழுதினார்கள். பண்டிதர்கள் 'பாமரர் பிதற்றல்' என்று தள்ளிய பாட்டில், கூலியும் வட்டியும் பஞ்சமும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்த கதையும் இருந்தன.

1967ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்; 1969ல் 'ஆராய்ச்சி' என்ற ஏடு. பல்கலைக்கழகம் பிற்பாடுதான் விழித்தது. அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1980ல் அவர் மறைந்தார். அவர் வழியில் வந்த ஆ. சிவசுப்பிரமணியன் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே, தமிழகத்து அடிமை முறையையும் உப்பையும் பற்றி எழுதினார்.

நம் மலையில் நிலைமை என்ன? காப்பிப் பழம் பறித்த கிழவிகள் ஒவ்வொருவராகக் கண் மூடுகிறார்கள். மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவில் மலையாளி மக்கள் கூடுகிறார்கள். (சாமி கும்பிடாதே என்று சொல்ல இதை எழுதவில்லை, பாட்டைக் கேள் என்றே சொல்கிறோம்.) 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றித் தாய் தகப்பன் சொல்லக் கேட்டவர்கள் ஆலைப் பகுதிகளில் இன்னும் இருக்கக்கூடும்.

சேலத்தில் 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆய்வு மாணவர்களை மலைக்கு அனுப்பட்டும். ஆனால் பாடுகிறவருக்கு அன்றைய கூலி போகக் கூடாது. அதைக் கொடுக்க வேண்டும். பதிவின் பிரதி ஒன்று ஊரில் இருக்க வேண்டும்.

அவர்கள் வரும்வரை சங்க வாலிபர்கள் காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும். பாடியவர் பெயர், வயது, எந்தத் தோட்டம், என்ன வேலைக்குப் பாடியது என்று எழுதி அனுப்புங்கள். பெயரோடு அச்சிடுகிறோம்.