கிரிமியா: நிலமும் மக்களும்

2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டதை உக்ரைன் ஏற்கவில்லை. ஏப்ரல் 15 அன்று நிறைவேறிய உக்ரைன் சட்டம் கிரிமியாவைத் ‘தற்காலிகமாக ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி’ என்றது; அங்கு வாழ்வோரின் உக்ரைன் குடியுரிமையும் நீடித்தது. ஐ.நா. பொதுச்சபையில் 100 நாடுகள் உக்ரைனின் எல்லைகளுக்கு ஆதரவாக வாக்களித்தன. இந்த நிலைப்பாடு முற்றிலும் நியாயமானது.

ஆனால், நிலத்தின் மீதான உரிமையில் இருந்த தெளிவு மக்கள் விஷயத்தில் இல்லை. கிரிமியாவின் நீர்த்தேவையில் ஏறத்தாழ 85 விழுக்காட்டைத் தந்த வட கிரிமியக் கால்வாயை உக்ரைன் அடைத்தது. வயல்கள் வறண்டன. ஆக்கிரமிப்பு நிர்வாகம் தரும் பிறப்புச் சான்றிதழ் செல்லாது என்பதால், பெற்றோர் பிள்ளையின் பிறப்பைப் பதிவுசெய்ய உக்ரைன் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. கிரிமியாவில் முகவரி கொண்ட குடிமக்களைச் சொந்த நாட்டு வங்கிகளே ‘நாட்டில் வசிக்காதோர்’ என நடத்தின. தன் மக்கள் என்று உரிமை கோரும் அரசு அவர்களை இப்படி அலையவிட்டது பெரும் தவறு. வங்கிகளின் அந்த நடைமுறைக்கு இடமளித்த, கிரிமியாவுக்கான பொருளாதார மண்டலச் சட்டம் 2021இல்தான் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் கிரிமியத் தாத்தார்கள் பூர்வகுடிகளாகச் சட்டப் பாதுகாப்பு பெற்றனர். கிரிமியாவை மீட்பதற்கான பன்னாட்டு மேடையும் கீவில் கூடியது.