போலி மதிப்புரை: மொத்த வியாபாரியைக் காக்குமா சட்டம்?

கொல்கத்தா: புர்ராபஜாரில் உள்ள மொத்த வியாபாரி, விற்பவரை நேரில் காணாமலேயே இணையச் சந்தையில் கொள்முதல் செய்யும்போது, அங்குள்ள நட்சத்திரக் குறிகளும் மதிப்புரைகளுமே அவருக்கு ஜாமீன். அந்த ஜாமீன் போலியானால் அவர் எங்கே முறையிடுவது?

இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயத்தை மத்திய அரசு 2022 நவம்பரில் வெளியிட்டது. எழுதுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்றே அறிவிக்கப்பட்டது. போலிகள் ஒழியாததால், அதைக் கட்டாயமாக்குவது குறித்து 2024 மே மாதம் தில்லியில் ஆலோசிக்கப்பட்டது.

கட்டாயமாக்கினாலும் வியாபாரியின் சிக்கல் தீராது. மறுவிற்பனைக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மெட்டியாபுரூஸில் பிழைப்புக்காக ஒரு தையல் இயந்திரம் வாங்கும் தையல்காரர் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அதே மதிப்புரையை நம்பி, விற்பதற்காக நூறு இயந்திரங்கள் வாங்கி ஏமாந்த வியாபாரியால் இயலாது. இழப்பு பெரிதாக இருப்பவருக்கே கதவு அடைபடுவது விந்தைதான்.

அவருக்கு எஞ்சுவது சிவில் வழக்கும், மோசடி நோக்கத்தை நிரூபித்தாக வேண்டிய போலீஸ் புகாரும். தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கும் உரிமையை 2019 சட்டம் நுகர்வோருக்கு அளித்தது. அந்தச் சலுகையும் வியாபாரிக்குக் கிடையாது. விற்றவர் வேறு மாநிலத்தில் இருந்தால், வழக்கை எந்த ஊர் நீதிமன்றம் விசாரிப்பது என்பதே முதல் தகராறாகிவிடும்.