எரிமலையில் ஒரு குடித்தனம்

காஞ்சிபுரத்தில் புடவை எடுக்கப் போகிறவர்களைப் பாருங்கள். கரையில் அன்னமா, மயிலா என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். ஆனால் இருவாட்சிப் பறவையை நான் எந்தக் கரையிலும் பார்த்ததில்லை. பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பறவை அது! அதில் ஒரு வகை, உலகத்திலேயே ஒரே ஒரு தீவில்தான் வாழ்கிறது. அந்தத் தீவோ ஓர் எரிமலை!

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் சுமார் மூன்று நாளில் அந்தமான். தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் போனால் பாரன் தீவு. இந்தியாவில் இன்றும் நெருப்புக் கக்கும் ஒரே எரிமலை. நூறு வருஷத்துக்கு மேல் சாதுவாக இருந்துவிட்டு, 1991-ல் கண் விழித்தது; அதன் பிறகு பல முறை சீறியிருக்கிறது. உல்லாசப் படகில் தீவைச் சுற்றி வரலாம், இறங்கக் கூடாது. தட்டில் நின்றபடியே பாருங்கள். கரிய சாம்பல் சரிவு, மேலே புகை, ஓரத்தில் பச்சை மரங்கள். அந்தச் சூட்டிலும் புறாக்கள் பறக்கும். யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்ட ஆடுகளின் சந்ததி அங்கே பிழைத்து வருகிறது. அவை கடல் நீரைக்கூடக் குடிப்பதாகச் சொல்கிறார்கள்!

அதற்கும் வடக்கே இருக்கிறது நார்கொண்டம். ‘நரக குண்டம்’ என்பதுதான் அப்படி மருவியது என்பார்கள். இந்த எரிமலை வெகு காலமாக உறங்குகிறது. பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. காஞ்சி நகரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நம் இருவாட்சியின் பிறந்த வீடும் புகுந்த வீடும் அதுதான்.

பிரசவ காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்கிறது. ஒரு சிறு இடுக்கு மட்டும் மிச்சம். குஞ்சு வளரும் வரை ஆண் பறவை அத்திப் பழமும் மற்றப் பழங்களுமாகக் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டுகிறது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வாரக் கணக்கில்! இந்த இடத்தை மட்டும் வீட்டுக்காரரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

பொந்து வேண்டுமானால் பெரிய மரம் வேண்டும். பெரிய மரம் வேண்டுமானால் கன்று பிழைக்க வேண்டும். தீவில் காவலிருந்த போலீஸாருக்காகக் கொண்டுபோன ஆடுகள் பெருகி, கன்றுகளையெல்லாம் மேய்ந்தன. பிறகு அவற்றை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. பாரனில் நாம் ஆச்சரியப்பட்ட அதே ஆடுதான் இங்கே குடியைக் கெடுக்க வந்தது!

1977-ல் நார்கொண்டத்தைச் சரணாலயமாக்கினார்கள். சாதாரணப் பயணிகள் அங்கே போக முடியாது. வருத்தப்படாதீர்கள். பிள்ளை பெற்றவள் இருக்கும் அறைக்குள் ஊரார் கும்பலாக நுழைவதை நாம் மட்டும் பொறுப்போமா? வேறு வீடே இல்லாதவளுக்கு அந்தக் கதவைச் சாத்தி வைப்பதுதான் நாம் செய்யக்கூடிய சீர்.