இருபது ரூபாயும் ஒரு வேகத்தடையும்

கவுண்டருக்கு வெளியே நின்ற அக்கா மஞ்சள்பையிலிருந்து மூன்றை எடுத்து நீட்டினார். புருஷனின் பாஸ்புக், எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை. கரும்பு வெட்டிவிட்டு ராத்திரி கூட்டுரோட்டில் இறங்கி காலனிக்கு நடந்தவர். பின்னால் வந்த வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. "ரெண்டு லட்சம் இன்ஷூரன்ஸ் வரும்னு சொன்னாங்க தம்பி" என்றார்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற விபத்துக் காப்பீடு அது. மே மாதக் கடைசியில் பிடிப்பார்கள். அந்த நாளில் கணக்கில் இருந்தது 11 ரூபாய். நூறுநாள் வேலைக்கூலி ஏறவில்லை. ஒன்பது ரூபாய் குறைந்ததில் பாலிசி செத்துப்போனது. எட்டு மாதம் கழித்து மனுஷனும் செத்துப்போனார். "இல்லக்கா, வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு வக்கீல் தோழர்தான் சொன்னார். அடித்த வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் உண்டு. முன்பு 25 ஆயிரம் ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து 2 லட்சம். நான் பட்டதாரி, பாங்க் கிளார்க், கவிதைவேறு எழுதுகிறவன். எனக்கே தெரியாத சட்டம் அந்த அக்காவுக்கு எப்படித் தெரியும்? வீட்டைத் தேடிப் போய் மனு எழுதிக்கொடுத்தேன். மனு இன்னும் தாலுகா ஆபீசில் கிடக்கிறது.

காசுக் கதை இது. செத்த இடத்தின் கதை வேறு. அதைத்தான் நாம் பேசுவதே இல்லை.

அந்தக் கூட்டுரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஊர்த்தெரு திரும்புகிற முனையில் ஹைமாஸ் விளக்கு. கோயில் முன்னால் வேகத்தடை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை, பெரிய வீட்டுக்காரர் வாசலில் இன்னொன்று. அதையும் தாண்டி அரை கிலோமீட்டர் போனால் காலனி. அங்கே விளக்கு இல்லை, வேகத்தடை இல்லை, காலனி இருக்கிறது என்று சொல்கிற ஒரு பலகைகூட இல்லை. ஊருக்குள் மூன்று இடத்தில் பிரேக் அடித்த எரிச்சலை டிரைவர் எங்கே தீர்த்துக்கொள்வான்? ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற இடம் நம்ம ஜனம் நடக்கிற இடம்.

சாலை எல்லோருக்கும் பொதுதானே, இதிலுமா சாதி என்று கேட்கிற தோழர்கள் உண்டு. லாரிக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் விளக்குக் கம்பம் எங்கே நடுவது என்று பஞ்சாயத்தில் உட்கார்ந்து முடிவுபண்ணியவனுக்குத் தெரியும். சேரியை ஊருக்கு வெளியே தள்ளியது ஒரு தலைமுறை. தள்ளிய இடத்துக்கு முன்னால் நெடுஞ்சாலை போட்டது இன்னொரு தலைமுறை. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி எல்லாம் அந்தப் பக்கம். தினம் நாலுதடவை சாலையைக் கடப்பவர் யார்? கடக்கத் தேவையே இல்லாதவர் யார்?

கணக்கும் பாருங்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிராமப்புறத்தில். நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். காருக்குள் இருந்தவர்களை விட்டுவிடுங்கள், நடந்துபோனதற்காக மட்டும் ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் நம்ம தமிழ்நாட்டுக்கு. மற்றதிலெல்லாம் முதலிடம் என்று மேடைபோடுகிறவர்கள் இதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.

'ரோடு போடு' என்று நாம்தான் மறியல் செய்தோம். போட்டார்கள். ஒற்றைத் தடத்துக்கு தார்ப்பரப்பு 3.75 மீட்டர். எதிரே கரும்பு டிராக்டர் வந்தால் நடக்கிறவன் இறங்கவேண்டியதுதான். எங்கே இறங்குவது? பழைய தார்மேல் புதுத்தார், அதன்மேல் இன்னொரு தார் என்று போட்டுப்போட்டு சாலை உயர்ந்துவிட்டது, ஓரத்து மண் அப்படியே பள்ளத்தில் கிடக்கிறது. டயர் அந்த விளிம்பில் இறங்கினால் டூவீலர் சாய்கிறது. மழுமழுவென்று தார் போட்டதும் வேகம் கூடுகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகிற விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைபாதை இல்லாமல் சாலையை மட்டும் நல்லதாக்கினால் அது நடக்கிறவனுக்குக் கெட்டதாகிறது.

விடிகாலை வேலைக்குப் போகிற பெண்களைப் பாருங்கள். அஞ்சு மணிக்கு பஸ் இல்லை. குட்டியானையில் இருபது பேரை நிற்கவைத்து ஏற்றுகிறான் மேஸ்திரி. கவிழ்ந்தால்? சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002இல் உச்சநீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஏறியது குற்றம் என்கிறது சட்டம். பஸ் விடாதது யார் குற்றம்?

நம்மேலும் தப்பு இருக்கிறது, மறைக்கவேண்டாம். ஒரே பைக்கில் மூன்று பேர், தலையில் ஹெல்மெட் இல்லை, உள்ளே குவார்ட்டர். நம்ம பசங்கதான். வெட்டுப்பட்டுச் செத்தால் போஸ்டர் அடிக்கிறோம், உண்மை அறியும் குழு போகிறோம். சாலையில் செத்தால் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒன்று கட்டிவிட்டு 'விதி' என்று வந்துவிடுகிறோம். விதியை நம்பாத இயக்கம் இந்த ஒரு இடத்தில் மட்டும் விதியை நம்புகிறது.

செய்யவேண்டியது பெரிய புரட்சி இல்லை. முதலில் சாலை யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பஞ்சாயத்தா, ஒன்றியமா, நெடுஞ்சாலைத் துறையா? இது தெரியாமல் போனால் மனுவை மூன்று ஆபீசுக்கும் பந்தாடுவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தச் சாலையின் எஸ்டிமேட்டைக் கேளுங்கள். விளக்கும் பலகையும் காகிதத்தில் இருக்கலாம். பாதுகாப்பு விதிப்படி சாலை போடாத காண்டிராக்டருக்கும் அதிகாரிக்கும் 1 லட்சம்வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பிரிவின் எண் 198ஏ. மனுவில் எழுதுங்கள்.

வேகத்தடை கேட்கும்போதும் அளவோடு கேளுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக நாமே கல்லும் மண்ணும் போட்டுக் கட்டுகிற சுவர் வேண்டாம். அதில் விழுந்து சாகிறவனும் நம்மாள்தான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மேலே வெள்ளைக்கோடு, முன்னால் எச்சரிக்கைப் பலகை. கரும்பு டிரெய்லர் பின்னால் சிவப்பு ஒளிர்வில்லை ஒட்டாமல் ஆலைக்குள் விடாதே என்று ஆலை வாசலிலேயே கேட்கலாம். கிராமசபையில் தீர்மானமாக எழுதவைத்து, நகல் வாங்கி, திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடம் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் அவர்தான்.

கல்லூரித் தோழர்கள் லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு வேலை செய்யலாம். உங்கள் காலனியில் பத்து வருஷத்தில் சாலையில் செத்தவர்கள் யார் யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கிழவிகளைக் கேட்டால் தேதியோடு சொல்வார்கள். அந்த நோட்டை கிராமசபையில் எழுந்துநின்று வாசியுங்கள். அப்புறம் எந்தத் தலைவரும் 'விபத்து' என்று சொல்லித் தப்பமுடியாது.

அந்த அக்கா போனவாரம் மறுபடி வந்தார். மகன் கணக்கில் நூறு ரூபாய் கட்டினார். "இருபது ரூவா பிடிக்கிறதுக்கு இருக்கட்டும் தம்பி" என்றார். அவன் ராத்திரி அதே ரோட்டில்தான் நடந்து வருகிறான். விளக்கு இன்னும் போடவில்லை.